சூடத்துக்கு 152, பச்சைக் கற்பூரத்துக்கு 154

கைசிக ஏகாதசி இரவு திருவரங்கத்தில் விடிய விடிய கைசிக புராணம் வாசிக்கப்படும். மறுநாள் விடியலில் நம்பெருமாள் மூலஸ்தானத்துக்குத் திரும்பிப் படியேறும்போது, பூவிதழோடு பச்சைக் கற்பூரப் பொடியையும் அவர்மேல் வாரித் தூவுகிறார்கள். கற்பூரப் படியேற்ற சேவை என்பது இதுதான். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட விஜயரங்க சொக்கநாத நாயக்கர் ஒரு வருடம் தாமதமாக வந்து இந்தச் சேவையைத் தவறவிட்டார், அடுத்த வருடம் வரை ஊரைவிட்டுப் போகாமல் காத்திருந்து பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. அவரும் குடும்பத்தாரும் கைகூப்பி நிற்கும் சிலைகள் இன்றும் கோயிலுக்குள் இருக்கின்றன.

ஒரு மன்னரை ஒரு வருடம் காக்கவைத்த அந்த வெள்ளைப் பொடி என்ன பொருள்? நாட்டு மருந்துக்கடையில் பச்சைக் கற்பூரம் என்று கேட்டால் ஒன்று கிடைக்கும். பூஜைக் கடையில் சூடம் என்று கேட்டால் இன்னொன்று. துணி அலமாரிக்குப் போடும் பாச்சை உருண்டை மூன்றாவது. மூன்றும் வெள்ளை. மூன்றும் திறந்து வைத்தால் காற்றோடு கரைந்து குறையும். மூன்றுக்கும் மூக்கைத் துளைக்கும் மணம். பழகிய மூக்கு பிரித்துச் சொல்லிவிடும், பழகாத மூக்கு ஏமாறும். ஆனால் மூலக்கூறின் எடையைக் கேட்டால் ஒளிவுமறைவில்லாத பதில் வரும். பாச்சை உருண்டையின் நாப்தலீன் 128. சூடம் 152. சுமத்ராக் காட்டு மரத்தில் விளைந்த அசல் பச்சைக் கற்பூரம் 154. ஹைட்ரஜன் அணுவை ஏறக்குறைய 1 என்று வைத்துச் சொல்லும் கணக்கு இது. சூடத்துக்கும் பச்சைக் கற்பூரத்துக்கும் உள்ள வித்தியாசம் இரண்டே இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள். அந்த இரண்டை எண்ணிப் பார்க்க மனிதருக்கு ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆயிற்று.

வியாபாரிகளிடமிருந்து தொடங்குவோம். சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூஸ் என்றொரு சிறு துறைமுகம். அதன் பின்னாலுள்ள மலைக்காடுகளில் வானளாவி வளரும் ஒரு மரத்தின் தண்டு வெடிப்புகளில் பளிங்குச் சில்லுகளாக இந்தக் கற்பூரம் உறைந்து கிடக்கும். எந்த மரத்தில் இருக்கும், எதில் இருக்காது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பல மரங்களை வெட்டிச் சாய்த்தால்தான் சிலவற்றில் கிடைக்கும். மலேயாவின் ஜொகூர் காடுகளில் இதைத் தேடிப் போனவர்கள், தேடும் நாட்களில் வழக்கமான பேச்சை விட்டுவிட்டு அதற்கென்றே வைத்திருந்த தனிச் சொற்களில்தான் பேசிக்கொண்டார்கள். இல்லாவிட்டால் கற்பூரம் கண்ணில் படாது என்பது நம்பிக்கை. இவ்வளவு பாடுபட்டு எடுத்த சரக்கு தங்கத்தின் எடைக்கு எடை விலைபோனதாக 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ எழுதி வைத்தார்.

அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் துறையில் தமிழர்கள் கடை விரித்துவிட்டார்கள். பாரூஸ் அருகே லோபு துவாவில் 1873இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சக ஆண்டு 1010, அதாவது கி.பி. 1088. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வெட்டியது. கப்பலில் வருகிறவர்கள் கஸ்தூரி விலையைக் கணக்கிட்டுப் பொன் செலுத்திவிட்டு ஊருக்குள் வரவேண்டும் என்ற ஏற்பாட்டை அது சொல்கிறது. 1932இல் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இதைப் படித்து வெளியிட்டார். தமிழ் எழுத்து அவ்வளவு தூரத்தில் கல்லில் நிற்பதற்குக் காரணம், அந்தக் கரையிலிருந்து ஏறிய வாசனைச் சரக்குகள்தான். அவற்றின் தலைச்சரக்கு கற்பூரம்.

தெரியாதவர் கையில் இது என்ன பாடுபட்டது என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. 637இல் பாரசீகத் தலைநகரான டெசிபோனைப் பிடித்த அரபு வீரர்கள், அரண்மனைக் கிடங்கில் கற்பூரத்தைக் கண்டு உப்பென்று எண்ணிச் சமையலில் போட்டுவிட்டார்கள், உணவு கசந்த பிறகுதான் புரிந்தது என்று அரபு வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு பொருளைக் கண்ணால் மட்டும் பார்த்து அடையாளம் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பழைய, இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வைத்தியருக்கு இந்தப் பிரச்சினை சமையல்காரரைவிடப் பெரியது. திருவரங்கம் கோயிலுக்குள் தன்வந்திரி சந்நிதி இருப்பது பலருக்குத் தெரியும். ஹொய்சள மன்னர் வீர ராமநாதன் காலத்தில், 13ஆம் நூற்றாண்டில், கோயிலைச் சார்ந்து ஓர் ஆரோக்கியசாலை எழுந்தது. படையெடுப்பில் பாழான அதை மீண்டும் கட்டி, தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தவர் கருடவாகன பட்டர் என்று 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அங்கே மருந்து அரைத்தவர்களுக்கு வந்து சேர்ந்த சரக்கு அசலா என்று பார்க்க நாக்கும் மூக்கும் விரலும்தான் கருவி. வியாபாரிக்கும் அதே கதிதான். 1563இல் கோவாவில் மருந்துச் சரக்குகள் பற்றிப் புத்தகம் போட்ட போர்த்துகீசிய வைத்தியர் கார்சியா த ஓர்த்தா, போர்னியோ கற்பூரம் (பாரூஸ் சரக்கின் இனம், நம் பச்சைக் கற்பூரம்), சீனக் கற்பூரம் என்று இரண்டு உண்டு, விலையில் மடுவுக்கும் மலைக்கும் உள்ள வித்தியாசம் என்கிறார். போர்னியோ சரக்கை வியாபாரிகள் சல்லடையில் சலித்து, சில்லின் பருமனைக் கொண்டு தலை, மார்பு, கால், பாதம் என்று நான்கு தரமாகப் பிரித்தார்களாம். பருமனைக்கொண்டு விலை சொல்லலாம். பொருள் எது என்று சொல்ல முடியாது. விலையில் இவ்வளவு இடைவெளி இருக்கும் இடத்தில் மலிவானதை உயர்ந்ததோடு கலக்காமல் விடுவார்களா?

அந்த மலிவான சீனக் கற்பூரம்தான் நம்முடைய சூடத்தின் மூதாதை. வேறு மரம், வேறு செய்முறை. மரத்தைச் செதில் செதிலாகச் சீவி ஆவியில் வேகவைத்தால் போதும், ஆவியோடு எழுந்த கற்பூரம் குளிர்ந்த இடத்தில் படியும். காட்டில் அதிர்ஷ்டத்தை நம்பி அலைய வேண்டியதில்லை.

இரண்டும் ஒன்றா, வேறா? இந்தக் கேள்விக்கு முதலில் விடை தேடியவர்கள் பாரிஸ் வேதியியலாளர்கள். ழான் பாப்தீஸ்த் துமா கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு பொருளை ஆவியாக்கி, அந்த ஆவியை நிறுத்து, அதிலிருந்து மூலக்கூறின் எடையைக் கணக்கிடும் வழியை 1826இல் சொன்னவர். கண்ணுக்குத் தெரியாத ஒன்றைத் தராசில் ஏற்றிய முதல் வித்தைகளுள் அது ஒன்று. 1833இல் அவரே கற்பூரத்தின் சேர்மானத்தைச் சரியாகச் சொன்னார்: 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். 1840களின் தொடக்கத்தில் பெலூஸ் என்பவர் போர்னியோ கற்பூரத்தை நைட்ரிக் அமிலத்தோடு சேர்த்தார். அது சாதாரணக் கற்பூரமாக மாறிவிட்டது. பின்னர் பெர்த்தலோ இதைத் திருப்பிப்போட்டு, சாதாரணக் கற்பூரத்திலிருந்து போர்னியோ சரக்கைச் செய்து காட்டினார். அதாவது, தங்க விலைக்கும் தகர விலைக்கும் இடையே நின்றது இரண்டு ஹைட்ரஜன். உயர்ந்த சரக்குக்குப் போர்னியால் என்று பெயர் வைத்தார்கள்.

எடை தெரிந்துவிட்டதே தவிர, அணுக்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பது பிடிபடவே இல்லை. 1893இல் பிரெட் என்ற ஜெர்மானியர் சரியான வடிவத்தைச் சொல்வதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட தவறான வடிவங்களை ஆளுக்கொன்றாக முன்வைத்திருந்தார்கள். எண்ணிக்கை ஒன்று, அடுக்கு வேறு என்ற இந்தச் சிக்கல் பின்னால் நம்மைத் துரத்தி வரும்.

இதற்கிடையில் கற்பூரம் யாரும் எதிர்பாராத ஒரு பக்கம் போய்விட்டது. 1870இல் அமெரிக்காவின் ஜான் வெஸ்லி ஹயாட், நைட்ரோசெல்லுலோஸோடு கற்பூரத்தைப் பிசைந்து செல்லுலாய்டு செய்து காப்புரிமை பெற்றார். சீப்பு, பொம்மை, பிறகு புகைப்படச் சுருள், பிறகு சினிமாச் சுருள். 1905இல் திருச்சியில் தென்னிந்திய ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில ஊமைப்படங்களையும் வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகப் படம் காட்டக் கிளம்பினார். அந்தக் காலத்துச் சினிமாச் சுருளில் கற்பூரம் உண்டு. காவிரிக்கு அக்கரையில் பெருமாளுக்கும், இக்கரையில் படம் பார்க்க வந்த கூட்டத்துக்கும் ஒரே குடும்பத்துப் பொருள் சேவை செய்த காலம் அது.

செல்லுலாய்டுக்காகக் கற்பூரத்துக்கு உலகமே பறந்தது. 1895இல் தைவானைக் கைப்பற்றிய ஜப்பான், 1899இல் அங்கே கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. விலை ஏறினால் போலி பிறக்கும். 1903இல் பின்லாந்தின் குஸ்தாவ் கொம்பா ஆய்வுக்கூடத்திலேயே கற்பூரத்தைக் கட்டியெழுப்பினார். பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து கற்பூரம் செய்யும் ஆலைகள் ஐரோப்பாவில் வந்தன. 1960களில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியிலும் அப்படியோர் ஆலை வந்தது. இன்று நம் தட்டுகளில் எரியும் சூடத்தில் பெரும்பகுதி இந்த டர்பன்டைன் வழி வந்ததுதான். போலி என்று சொன்னேன். ஆனால் அதன் எடையும் 152. அணுவுக்கு அணு அதே கற்பூரம்.

இனி வருவது இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம். இதுவரை அடையாளம் காணப்பட வேண்டிய பொருளாக இருந்த கற்பூரம், 1922இல் மற்ற பொருட்களை அடையாளம் காட்டும் தராசாக மாறியது. ஒரு திரவத்தில் எதைக் கரைத்தாலும் அது உறையும் வெப்பநிலை சற்று இறங்கும். எவ்வளவு இறங்குகிறது என்பதிலிருந்து கரைந்த பொருளின் மூலக்கூறு எடையைக் கணக்கிடலாம் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. தண்ணீரில் இந்த இறக்கம் அற்பமானது, அளக்க நுட்பமான வெப்பமானி வேண்டும். கார்ல் ராஸ்ட் தண்ணீருக்குப் பதிலாகக் கற்பூரத்தை எடுத்துக்கொண்டார். கற்பூரம் 179 டிகிரி அளவில் உருகும். அதில் ஏற்படும் இறக்கம் தண்ணீரில் ஏற்படுவதைப் போல இருபது மடங்குக்கும் மேல். 100 மில்லிகிராம் கற்பூரத்தில் 10 மில்லிகிராம் புதுப்பொருளைக் கலந்து உருக்குகிறோம் என்று வையுங்கள். உருகுநிலை 20 டிகிரி இறங்கினால் அதன் மூலக்கூறு எடை சுமார் 200. 10 டிகிரிதான் இறங்கியது என்றால் சுமார் 400. ஒரு நுண்குழாய், ஒரு சாதாரண வெப்பமானி, ஒரு சிட்டிகை கற்பூரம். ஒரு செடியிலிருந்து பாடுபட்டுப் பிரித்த சில மில்லிகிராம் மருந்துப்பொருளை வைத்துக்கொண்டு திண்டாடியவர்களுக்கு இது வரப்பிரசாதம். ராஸ்ட் முறை தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் வேதியியல் செய்முறை வகுப்பிலும் இடம்பிடித்தது. செய்முறை நோட்டில் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் பலர் இதைப் படிக்கும்போது அந்த மணத்தையும் நினைத்துக்கொள்வார்கள்.

அதே 1922இல் வேதியியல் நோபல் பரிசு பிரான்சிஸ் ஆஸ்டனுக்குப் போனது. அவர் செய்த கருவிதான் ராஸ்ட் முறையைப் பின்னால் ஓய்வுக்கு அனுப்பியது. ஆஸ்டனின் ஆசான் ஜே.ஜே. தாம்சன், மின்னேற்றிய அணுக்களைக் காந்தப் புலத்தின் நடுவே ஓடவிட்டால் கனத்தது குறைவாக வளையும், லேசானது அதிகமாக வளையும் என்பதைப் பயன்படுத்தி, நியான் வாயுவில் 20, 22 என்று இரண்டு எடை இருப்பதைக் கண்டார். ஆஸ்டன் 1919இல் அதை நுட்பமான நிறைமாலைக் கருவியாக்கினார். வேதியியலில் இது பெரும் பயன் தரும் என்று தாம்சன் தொடக்கத்திலேயே வற்புறுத்தினார். வேதியியலாளர்கள் கேட்கவில்லை. 1940களில் அதை முதலில் வாங்கிப் பயன்படுத்தியவர்கள் பெட்ரோல் சுத்திகரிப்பு ஆலைக்காரர்கள்.

இடையில் திருவரங்கத் தீவின் இன்னொரு முனையிலிருந்தும் ஒரு விடை வந்தது. 1888இல் திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன், 1928இல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறல் விளைவு மூலக்கூறின் அதிர்வைப் படித்து அதை இன்னதென்று சொல்லும். சூடத்தில் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பில் இருப்பதை அது காட்டிக்கொடுக்கும். போர்னியாலில் அந்தக் குறி இராது. எடையைத் தொடாமலே இரண்டையும் பிரிக்கும் வழி அது.

நிறைமாலைக் கருவியின் பெரிய பாய்ச்சல் 1950களின் நடுவில் நடந்தது. அமெரிக்காவின் டவ் நிறுவனத்தில் ரோலண்ட் கோல்கேவும் பிரெட் மக்லாபர்ட்டியும், கலவையைத் தனித்தனி ஆவிகளாகப் பிரிக்கும் வாயு குரோமட்டோகிராபியை இதோடு இணைத்தார்கள். இன்று நம் ஆய்வுக்கூடங்களில் எல்லோரும் ஜிசி-எம்எஸ் என்று சொல்லும் கருவி அதன் வாரிசு. கற்பூரம் எளிதில் ஆவியாகும் பொருள், இதற்கென்றே பிறந்தது போல.

அதன் வாயில் இரண்டு கற்பூரமும் என்ன ஆகின்றன என்று அருகில் போய்ப் பார்ப்போம். உள்ளே போகும் மூலக்கூறை எலக்ட்ரான் கற்றை அடித்து உடைக்கிறது. தரையில் விழுந்த அப்பளம் உடைவதுபோல் கண்டபடி உடையாது. எந்தப் பிணைப்பு பலவீனமோ அங்கேதான் உடையும், ஒவ்வொரு முறையும் அதே துண்டுகள். திரையில் துண்டுகளின் எடைக்கேற்பக் கோடுகள் எழும். சூடத்தில் மிக உயரமான கோடு 95இல். பக்கத்தில் 81, 108, கடைசியில் உடையாத முழு மூலக்கூறு 152. போர்னியாலிலும் உயரமான கோடு அதே 95. அவசரக்காரர் இரண்டும் ஒன்று என்று முடிவுகட்டிவிடுவார். ஆனால் 108 இருக்க வேண்டிய இடத்தில் 110 நிற்கும். இரண்டு ஹைட்ரஜன்! 154இல் கோடு தேடினால் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. போர்னியால் உடனே ஒரு தண்ணீர் மூலக்கூறை உதறிவிட்டு 136 ஆகிவிடும். எடையை நேராகப் பார்க்க முடியாவிட்டாலும் சிதறிய துண்டுகளே சாட்சி சொல்லும். பாச்சை உருண்டையோ எளிதில் உடையாது, 128இல் ஒரே பெரிய கோடாக எழுந்து நிற்கும்.

ஆவியாகாத பெரிய மூலக்கூறுகள் நெடுநாள் பிடிகொடுக்கவில்லை. அந்தப் பூட்டும் ஒரு தவறால் திறந்தது. 1985இல் கியோட்டோவின் ஷிமாட்சு நிறுவனத்தில் கோய்ச்சி தனாக்கா, நுண்ணிய கோபால்ட் பொடியில் வேறொரு திரவத்தைக் கலக்கப்போய் கிளிசரினைக் கலந்துவிட்டார். வீணாக்க மனம் வராமல் அதையே கருவியில் வைத்து லேசர் கதிரை அடித்தார். உடையாமல் எழும்பியது பெரிய மூலக்கூறு. மின்தெளிப்பு முறையில் இதே வேலையை வேறு வழியில் முடித்த ஜான் ஃபென்னோடு 2002இல் நோபலைப் பகிர்ந்துகொண்டார். ஃபென்னின் வழிதான் இன்று மருந்துக் கம்பெனிகள் எங்கும் ஓடுகிறது. அந்தக் கருவி சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க உலகம் முழுக்க வழக்கமாக உள்ளே விடும் பொருள் ரெசர்பின், நம் சர்ப்பகந்தி வேரில் இருக்கும் இரத்தக்கொதிப்பு மருந்து. 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் அந்த வேரின் பலனைப் பிரிட்டிஷ் இதழில் எழுத, 1952இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் ரெசர்பினைப் பிரித்தெடுத்தது. 609இல் எழுந்து 195ஆக உடைகிறதா என்று பார்த்த பிறகே கருவியை நம்புகிறார்கள்.

திருச்சிக்கு இந்தக் கதையில் இன்று ஒரு தனி இடம் இருக்கிறது. புனித வளனார் கல்லூரியில் 1967இல் கே.எம். மேத்யூ பாதிரியார் நிறுவிய ராப்பினா உலர்தாவரக் கூடத்தைச் சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளியின் தாவரங்களைப் பல தொகுதிகளாக எழுதியவர் அவர். மூலிகை ஆய்வு செய்யும் மாணவர்கள் செடியோடு அங்கே வந்து இது இன்ன செடிதான் என்று உறுதி வாங்கிக்கொண்டு, பிறகு சாற்றை ஜிசி-எம்எஸ்ஸில் ஏற்றுகிறார்கள். முதலில் செடியின் அடையாளம், பிறகு மூலக்கூறின் அடையாளம். இந்த வரிசை மிகச் சரியானது. இரண்டாவது பாதியில்தான் எனக்கு ஒரு மனக்குறை. கோடுகளைக் கணினியிலுள்ள நூலகத்தோடு ஒப்பிட்டு, அது நீட்டும் பெயர்களை அப்படியே அட்டவணையாக்கிவிடும் கட்டுரைகள் ஏராளம். நூலகம் சொல்வது ஊகம். அதே பொருளின் தூய மாதிரியையும் அதே கருவியில் ஏற்றி, அதே நேரத்தில் அதே கோடுகளோடு வெளிவருகிறதா என்று பார்த்தால்தான் அது அடையாளம்.

காரணம், பிரெட் காலத்துச் சிக்கல் இன்னும் இருக்கிறது. 154 என்றால் போர்னியால் மட்டுமல்ல. துளசி வகைகளில் உள்ள லினலூல், யூகலிப்டஸ் எண்ணெயின் சினியோல், ரோஜா மணத்தின் ஜெரானியால் எல்லாமே 10 கார்பன், 18 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். டர்பன்டைனிலிருந்து கற்பூரம் செய்யும் வழியில் இடையே பிறக்கும் ஐசோபோர்னியாலும் அதே எடைதான். ஆக்சிஜனும் அதோடு ஒட்டிய ஹைட்ரஜனும் திசை மாறி நிற்பதைத் தவிர அதற்கும் போர்னியாலுக்கும் வேறு வித்தியாசம் இல்லை.

பச்சைக் கற்பூரத்தைத் தீர்த்தத்திலும் சர்க்கரைப் பொங்கலிலும் சேர்ப்பவர்களுக்கு இது ஏட்டுப் பிரச்சினை அல்ல. 152 விழுங்கத்தக்கதல்ல. சிறு குழந்தை ஒரு சூடக் கட்டியைத் தின்றாலே வலிப்பு வரலாம். அமெரிக்க மருந்துத் துறை 1980களின் தொடக்கத்தில் தடவும் தைலங்களில்கூடக் கற்பூரம் 11 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று விதித்தது இதனால்தான். கடையில் பச்சைக் கற்பூரம் என்று எழுதி விற்பதெல்லாம் பாரூஸ் மரத்தின் சரக்கு அல்ல; அந்த மரமே இன்று அரிதாகிவிட்டது. டப்பாவுக்குள் இருப்பது எது என்று பெயர் சொல்லாது, பரிசோதனை சொல்லும்.

அந்தப் பரிசோதனையிலும் ஒரு கேள்வி மட்டும் தராசுக்கு எட்டாது. மரத்தில் விளைந்த கற்பூரம் ஒளியை ஒரே பக்கம் திருப்பும். டர்பன்டைன் ஆலையில் செய்தது பெரும்பாலும் இடமும் வலமும் சரிபாதியாகக் கலந்தது, அதனால் ஒளியைத் திருப்பாது. இரண்டுக்கும் எடை 152, துண்டுகளும் அதே 95, 108, 81. இதைப் பிரிக்க போலாரிமீட்டர் வேண்டும்: சாராயத்தில் கரைத்த கற்பூரத்தை ஒரு குழாயில் நிரப்பி, முனைவாக்கிய ஒளியை விட்டு, கண்ணாடிச் சக்கரத்தை எத்தனை டிகிரி திருப்பினால் மறுபக்கம் இருள்கிறது என்று பார்க்க வேண்டும்.